பிள்ளைகளின் பெயரால்

ஒரு நூலை அதன் முன்னுரையைக் கொண்டு மதிப்பிடுதல் கூடாது, உள்ளடக்கத்தைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்று நாம் மாணவருக்குக் கற்பித்து வருகிறோம். விமர்சனத்தின் இவ்வாரம்ப விதி சட்டங்களுக்கும் பொருந்தும். 2024 ஜனவரி 24ஆம் திகதி, 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை அவ்விதிப்படி வாசிப்பது எமது கடமையாகும்.

முன்னுரையாக மக்களுக்குச் சொல்லப்பட்டது எது? இணையத்திலே பெண்களும் பிள்ளைகளும் துன்புறுகிறார்கள். அவர்களைக் காக்கவே சட்டம் என்பதாகும். அத்துன்பம் பொய்யன்று. மாணவியொருத்தியின் படத்தைத் திரித்துப் பரப்பிவிட்டால், அவள் பாடசாலைக்கு வரவே அஞ்சுகிறாள் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். பிள்ளைகளைக் கைத்தொலைபேசித் திரையோடு கட்டிவைத்து இலாபம் ஈட்டும் பெருங் கம்பனிகளோ அவளது கண்ணீருக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே, காப்பு வேண்டுமெனக் கேட்கும் பெற்றோரை எள்ளி நகையாடுதல் முற்போக்காளரின் பணியன்று.

ஆனால், உள்ளே புகுந்து பார்க்கும்போது நாம் காண்பது என்ன? குற்றங்களை வகுக்கும் பகுதியிலே சிறுவர் துஷ்பிரயோகத்துக்கும் ஓரிடம் உண்டு. எனினும், அப்பகுதியின் பெரும்பங்கை நிரப்பி நிற்பது ‘பொய்யான கூற்று’ என்னும் சொற்றொடரே. தேசிய பாதுகாப்பு, மத உணர்வு, கலகம், படையினரின் கீழ்ப்படிவு என அது விரிந்து செல்கின்றது. எது பொய்யென்று கருதி நீக்கப் பணிக்கும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிக்கப்பட்டது. அந்நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பதும், நல்லெண்ணத்துடன் கூறப்படும் அபிப்பிராயத்துக்கு விலக்குண்டு என்பதும் உண்மையே. ஆயின், நெஞ்சிலுள்ள எண்ணத்தை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது? பிள்ளைகளை ஆபாசப் படங்களுக்குப் பயன்படுத்துதலோ 1995ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமாக்கப்பட்டுவிட்டது.

காப்பின் பெயரால் எழும் அதிகாரம் எங்கே சென்று முடியும் என்பதற்கு எமது தொழிலிலிருந்தே சான்றுண்டு. அஹ்னாப் ஜஸீம் என்ற இளங்கவிஞர் ஓர் ஆசிரியர். அவர் 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ‘நவரசம்’ என்னும் அவரது கவிதைத் தொகுதி சந்தேகத்துக்கு உள்ளாயிற்று; மாணவருக்குத் தீவிரவாதம் புகட்டினார் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது. 2021 டிசம்பரிலேதான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அச்சட்டம் வேறு, இச்சட்டம் வேறு. எனினும், மாணவரைக் காக்கிறோம் என்ற பேச்சு ஒரு கவிஞனை ஒன்றரை வருடம் சிறையிலிருத்த உதவிற்று என்பதை நாம் மறத்தல் தகாது.

பேச்சுரிமையும் பிள்ளைகளின் காப்பும் ஒன்றுக்கொன்று பகையானவை எனச் சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளையைத் துன்புறுத்துபவன் எப்பொழுதும் முகமறியாத அந்நியனா? அவன் ஊர்ப் பெரியவனாகவோ மதகுருவாகவோ அதிகாரியாகவோ, ஏன், எம்மைப்போல் ஓர் ஆசிரியனாகவோ இருத்தல் கூடும். அத்தகையவனை ஒரு தாய் முகநூலிலே பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினால், அவளது சொல்லையே ‘பொய்யான கூற்று’ என்று முறையிட அவனுக்கு வழி திறந்திருக்கின்றது. அப்போது சட்டம் காப்பது யாரை?

சட்டத்தைத் திருத்துவதாகப் பின்னர் அறிவிப்புகள் வந்தன. திருத்தம் எத்தகையதாய் அமைதல் வேண்டும் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் உரத்துக் கூறவேண்டும். பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு தெளிவான சொற்களில் வரையறுக்கப்படட்டும், கம்பனிகள் பொறுப்பேற்கட்டும், பாதிக்கப்பட்ட பிள்ளை தன் தாய்மொழியில் முறையிடப் பயிற்சி பெற்ற அலுவலர் இருக்கட்டும். உண்மை எது, பொய் எது என்னும் வழக்கை நியமனம் பெற்ற ஐவரிடம் ஒப்படைத்தலாகாது. பிள்ளைகளின் பெயரால் இயற்றப்படும் சட்டம் முதலிற் பிள்ளைகளைப் பேச விடுவதாய் இருத்தல் வேண்டும்.