விழுந்தவர்கள் சொன்ன விமர்சனம்

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் அக்காள் மகன் சில மாதங்களுக்கு முன் ஒரு விளையாட்டுச் செய்தான். பிழை திருத்துகிறவர் இதை 'விளையாடினான்' என்று மாற்றிவிட வேண்டாம். செய்தான் என்றுதான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டு. 'கேம் ஜாம்' என்று ஒரு பந்தயம் உண்டு. ஒரு தலைப்பைக் கொடுத்து, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், ஓர் ஆட்டத்தை ஆக்கி முடி என்பார்கள். 2002-ல் தொடங்கிய 'லூடம் டேர்' இவற்றில் பெயர் பெற்றது. முடிந்தபின் போட்டியாளர்களே ஒருவர் ஆட்டத்தை மற்றவர் ஆடிப் பார்த்து அபிப்பிராயம் எழுதுகிறார்கள். எழுத்தாளர்களுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் கைகலப்பில் முடியும்.

அவன் ஆட்டத்தின் கதை சிறியது. கல்வராயன் மலையில் ஒரு பையன் கடுக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு, இருட்டுவதற்குள் வெள்ளிமலைக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஓடை, பள்ளம், வழுக்குப் பாறை. முதல் முயற்சிக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். பொழுது சாய்வதைக் காட்டத் திரையில் கடிகாரம் எதுவும் இல்லை. சரிவின் நிறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பதைத்தது. ஆனால் படம் அமைந்துவிட்டதால் ஆட்டமும் அமைந்துவிட்டதாகப் பையன் நம்பிவிட்டான். முதல் நாவல் எழுதியவன் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்குவதும் இந்த ஜாதிதான்.

அபிப்பிராயங்கள் வந்தன. நிறங்கள் நன்று என்றார்கள் சிலர். மற்றவர்கள் எல்லோரும், முதல் பள்ளமே மிகக் கஷ்டம் என்றார்கள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. மூன்றாம் நாள் பள்ளத்தைப் பாதியாகக் குறுக்கிவிட்டான். ஆட்டம் சப்பென்று போயிற்று. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அக்காளிடம் சொல்லியிருக்கிறான்.

நான் போயிருந்த சமயம் அவனுடைய நண்பர்கள் பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குதிக்கத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து பார்க்கத் தெரியும். விழுந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். பாறை விளிம்பில் அவன் ஆசையாகப் புல் வரைந்திருந்தான். அந்தப் புல்லுக்கு அடியில் தரை இல்லை! கண் தரை என்று சொல்ல, கால் காற்றில் நிற்கிறது. 'கஷ்டம்' என்று அவர்கள் எழுதியதற்கு 'அநியாயம்' என்பதுதான் பொருள். மலையேறும் ஆட்டம்தான் 'செலஸ்ட்'டும். முதலில் 4 நாட்களில் செய்து, பிறகு வளர்த்து 2018-ல் முழுமையாக வெளியிட்டார்கள். கஷ்டத்துக்குப் பேர்போன ஆட்டம். ஆனால் விளிம்பைத் தாண்டிய பிறகும் கண்ணிமைக்கும் நேரம் குதிக்க இடம் கொடுக்கிறது. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, கண்ணை ஏமாற்றுவதில்லை. நம் ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகள், 3 புலிகள், 23 புள்ளிகள். ஒரு புலியைக் கூட்டினால் ஆடுகள் பிழைக்குமா? தோற்றவர்களின் முணுமுணுப்பு எத்தனை தலைமுறை சேர்ந்து இந்தக் கணக்கை நிறுத்திற்றோ!

இதைப் பார்த்தபோது எனக்கு என் முதல் தொடர்கதை நினைவு வந்தது. கதாநாயகியைச் சாகவிடாதீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நானும் பயந்து அவளைப் பிழைக்க வைத்தேன். அந்த முடிவு இன்றும் புத்தகத்தில் அசடு வழிந்துகொண்டு நிற்கிறது. அவள் சாக வேண்டிய நியாயத்தை முன் அத்தியாயங்களில் நான் கட்டவில்லை. புல் மட்டும் வரைந்திருந்தேன். வாசகருக்கு வலித்தது நிஜம். மருந்து சொல்லும் பொறுப்பை அவரிடம் விட்டது என் சோம்பேறித்தனம்.

பள்ளத்தைப் பழைய அகலத்துக்கே கொண்டுபோய், புல்லுக்கு அடியில் தரை போட்டான். போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் வெள்ளிமலைக்குப் போனோம். டீக்கடை வாசலில் பத்து வயதுப் பையன் ஒருவனிடம் ஆடக் கொடுத்தோம். அவன் பள்ளத்தருகே வந்து நின்றுவிட்டான்.

"ஏன் தம்பி, குதிக்கலையா?"

"மூட்டையோட எப்பிடிண்ணே குதிக்கிறது? மொதல்ல மூட்டைய அந்தப் பக்கம் வீசணும்ல?"

எழுதியவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சமவெளிக்காரனாகிய எனக்கும்தான். ஆட்டத்தின் பெரிய குறையை அந்தப் பையன் தொட்டுவிட்டான். மூட்டை என்பது முதுகில் ஒட்டிய படம்; அதற்குக் கனமே இல்லை. மலைப் பெயரும் கடுக்காயும் போட்டுவிட்டால் மலை வந்துவிடாது என்று கதை எழுதுகிற இளைஞர்களுக்கு நான் சொல்வதுண்டு. அக்காள் மகனிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

இப்போது மூட்டையை வீசலாம். வீசினால் பிடி தவறலாம். போன வாரம் போனில் கேட்டான்: "மூட்டை ஓடையில விழுந்துட்டா ஆட்டம் முடிஞ்சதுன்னு வச்சிடவா, மாமா?"

"அந்தப் பையனைக் கேள்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்குப் பஸ் ஏறியிருக்கிறான்.