வாடும் கிரீடம்

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பது வயது. வாரம் தவறாமல் ஞாயிறு பள்ளிக்குப் போய்வருகிறவள். ஒரு நாள் தான் வர்ணம் தீட்டிய படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஓடிக் களைத்த ஒருவன். அவன் தலையில் கற்கள் பதித்த தங்கக் கிரீடம். நாடகத்தில் ராஜபார்ட் அணிவாரே, அதே கிரீடம்.

"கிரேக்க தேசத்து ஓட்டக்காரன், தாத்தா. ஜெயிச்சவனுக்குக் கிரீடம் குடுப்பாங்களாம். ஆனா அது வாடிப்போயிருமாம். தங்கம் எப்படித் தாத்தா வாடும்?"

நான் கிறிஸ்தவன் அல்லன்; ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவன். இதே பாடத்தைக் கேட்டவன். அந்த வயதில் எனக்கு இந்தச் சந்தேகம் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயமும் குத்துச் சண்டையும் உவமையாக வருகின்றன. அந்த நகரில் அவர் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். அருகே இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். அங்கே வென்றவனுக்குச் சூட்டியது பைன் மரத் தழை, அல்லது உலர்ந்த செலரி. செலரி நம் கொத்தமல்லியின் இனத்தைச் சேர்ந்த கீரை. ஒலிம்பியாவிலோ காட்டு ஆலிவ் கிளை. இரண்டாவதாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை. ஒலிம்பிய வீரர்கள் பத்து மாதம் பயிற்சி செய்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும். இவ்வளவு பாடும் ஒரு பிடித் தழைக்காக! அழிந்துபோகும் தழைக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், அழியாத ஒன்றை நாடுகிறவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதுதான் பவுலின் வாதம். தழையைத் தங்கமாக்கினால் வாதமே படுத்துவிடுகிறது.

குற்றம் யாருடையது? கிரேக்க மொழியில் 'ஸ்தெபனோஸ்' என்றால் தலையில் சூடும் மாலை. ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் அறிந்த ஸ்தேவானின் பெயரும் அச்சொல்லே. அரச முடிக்கு 'தியாதேமா' என்று வேறு சொல் உண்டு. தமிழ் வேதாகமத்தில் ஸ்தெபனோஸும் 'கிரீடம்' ஆகிவிட்டது. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பைக் குறை சொல்லத் துணிய மாட்டேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் மூப்பர்கள் சூடும் ஸ்தெபனோஸ் பொன்னால் ஆனதுதான். 'வாகை' என்று போட்டிருந்தால் போர்க்களத்து வாடை வந்துவிடும் என்றும் அவர்கள் அஞ்சியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்குச் சமாதானம் உண்டு. பாடம் நடத்துகிறவருக்கு இல்லை. வென்றவன் பூச்சூடிய நாடு இது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாடுவது என்றால் என்ன என்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தை இருக்கிற ஊரில் விளக்கவே வேண்டாம்.

இன்னொரு குறையும் உண்டு. அவள் சொன்ன பாடத்தில் ஓட்டம் இருந்தது, தெய்வம் இல்லை. இஸ்த்மியா விழா கடல் தெய்வமான பொசைடனுக்கு எடுத்தது. 1952-இல் ஆஸ்கார் புரோனீர் அங்கே அகழ்ந்து அத்தெய்வத்தின் கோயிலையே கண்டுபிடித்தார். ஒலிம்பியாவில் சத்தியம் செய்ததும் ஜீயஸின் சிலைக்கு முன்னால்தான். பவுலுக்கு இது தெரியாதா? நிருபத்தைப் படித்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே அந்த மைதானத்திலிருந்து உவமையை எடுத்தார். விக்கிரக வழிபாட்டைக் கண்டித்து அடுத்த அதிகாரத்திலேயே எழுதியவர் அவர். அவருக்கு இல்லாத அச்சம் பாடம் நடத்துகிறவர்களுக்கு எதற்கு?

குழந்தையிடம் இதை மறைப்பதால் நஷ்டம் உண்டு. இவள் தகப்பனாரின் சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். தைப் பொங்கலுக்கு அங்கே போகிறவள், வாடிவாசலிலிருந்து முதலில் கோயில் காளை வருவதையும் அதை யாரும் பிடிக்காமல் விடுவதையும் பார்க்கிறாள். கிரேக்க விளையாட்டு தெய்வமற்ற சுத்தமான விளையாட்டு என்று ஒரு பக்கம் கற்றுக்கொண்டால், தன் ஊர் விளையாட்டு மட்டும் ஏதோ தப்பு என்று அவளாகவே முடிவு கட்டிக்கொள்வாள். அதன் பிறகு சித்தப்பா பிள்ளைகளோடு நின்று மனம்விட்டுக் கைதட்ட அவளால் முடியாது. வழிபாடு வேறு, வீரனின் உழைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கப் பவுலே சொல்லிக்கொடுக்கிறார். அவர் பெயரால் நடக்கும் பாடம் அதைத்தான் விட்டுவிட்டது.

அவள் தாயார் கூந்தலில் முந்தைய நாள் மல்லிகைச் சரம் பழுத்துக் கிடந்தது. அதைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். மாலையில் புதுப் படம் வந்தது. அதே ஓட்டக்காரன்; தலையில் இலைமாலை. இரண்டு இலைக்கு மட்டும் பழுப்பு வர்ணம்.

"டீச்சர் தப்புன்னு சொன்னா என்ன தாத்தா சொல்றது?" என்றாள்.

டீச்சருக்குச் சொல்ல வேண்டியதை அந்தக் குழந்தையிடம் சொல்லியனுப்புவது நியாயமில்லை என்று பட்டது. அதனால்தான் இங்கே எழுதினேன்.