நடுகல்லும் எழுத்துருவும்

தமிழ்நாட்டில் மொழி அரசியல் பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது. பலகையில் தமிழ் இருக்கிறதா, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்குப் போராட்டம் உண்டு. பலகைக்குப் பின்னாலிருக்கிற அலுவலகக் கணினிக்குள் அந்தத் தமிழ் எந்த முறையில் சேமிக்கப்படுகிறது, அந்த முறை யாருடைய சொத்து என்கிற கேள்வி நம் விவாதங்களில் அபூர்வம். ‘அதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவதே ஓர் அரசியல் நிலைப்பாடு என்பதுதான் என் வாதம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு யோசிக்கிறவனுக்குச் செங்கம் பகுதி நடுகற்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காக மடிந்த கருந்தேவகத்தியோடு கள்வரைக் கடித்த அவனுடைய நாயும் அதில் நிற்கிறது. ‘கோவிவன்’ என்ற அந்த நாயின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. எழுதப்பட்ட வட்டெழுத்து எப்போதோ வழக்கொழிந்துபோனது. ஆனால் அதை வாசிக்கும் சாவி யாருக்கும் சொந்தமில்லை. 1972இல் தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டபோது எந்த நிறுவனத்திடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் 1990களின் தமிழ்க் கணினியை வைத்துப் பாருங்கள். கணினிக்கு ‘அ’ தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்கிற அட்டவணைதான் குறியேற்றம். எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்துக்கொண்டார்கள். ஒருவருடையதில் அடித்ததை இன்னொருவருடையதில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். அந்தக் காலத்துச் சிறுபத்திரிகைகளும் கவிதைத் தொகுப்புகளும் இயக்கத் துண்டறிக்கைகளும் பேஜ்மேக்கரில் இப்படித்தான் கோக்கப்பட்டன. அச்சான தாள் பிழைத்தது, கோப்பு ஊமையானது. ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகளைத் தன்னார்வலர்கள் எழுதியதால்தான் அவற்றில் ஒரு பகுதி மறுபடி பேசுகிறது. 1,400 வருஷத்து நாயின் பெயர் மிஞ்சுகிறது. முப்பது வருஷத்துக் கவிதைக்கு மாற்றி தேட வேண்டியிருக்கிறது. இது தொழில்நுட்பத்தின் இயல்பு அல்ல, உடைமை உறவின் விளைவு.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தைக் கையிலெடுத்துக்கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்தார்கள். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு அறிவித்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியும் டேஸ்16உம் அரசுத் தரங்களாயின. ஆனால் ஆணை பிறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தனியார் எழுத்துருவிலேயே சுற்றறிக்கைகள் வந்தன. ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கோப்பில் ஒரு வரிகூட வாசிக்கிற மாதிரி இல்லை. கேட்டால், ‘அந்த ஃபாண்டு வாங்கிப் போட்டுக்குங்க சார்’ என்றார்கள். குடிமகன் அரசாணையை வாசிக்கவே ஒரு கம்பெனிக்குக் காசு கட்ட வேண்டும் என்பது இதன் பொருள்.

ஒருங்குறி மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1991இல் தமிழுக்கு அங்கே தரப்பட்ட 128 இடங்கள் 1988இன் இஸ்கியை அச்சாகக் கொண்டவை. தமிழின் 247 எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் இல்லை. வாக்குரிமை பெரும்பாலும் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கையில். டேஸ்16 இதற்கான எதிர்வினை. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில் குடியிருப்பதால் சாதாரணக் கைப்பேசிக்கு அது அந்நியம். ஒருங்குறியின் அட்டவணையோ வெளிப்படையானது, யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். தரத்தை விமர்சிப்பதும் தரமே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

மென்பொருளின் கதையும் இதேதான். 2007வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. அவர் போனதும் அந்த வேகமும் போனது. கொள்கை ஒரு அதிகாரியின் முதுகில் ஏறி நின்றால் இப்படித்தான் ஆகும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோசும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ரெண்டையும் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லையென்றால், பழகின பக்கம்தான் கை போகும். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களைப் பெருமளவில் பயிற்றுவித்துக் கட்டற்ற மென்பொருளைப் பாடத்துக்குள்ளேயே வைத்தது. அது நிலைத்ததற்குக் காரணம் அந்தப் பயிற்சி.

இங்கே நம் தரப்பின் கற்பிதம் ஒன்றையும் உடைக்க வேண்டும். மூலநிரல் திறந்திருந்தாலே அறிவு பொதுவாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை. அண்ணாமலையார் கோயில் சுவரில் சோழர் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் திறந்தே கிடக்கின்றன. அவற்றை வாசிக்க எத்தனை பேருக்கு வாய்த்தது? கோயிலுக்குள் நுழையவே விடப்படாதவர்களுக்கு அந்தச் சுவரின் திறப்பு என்ன பொருள் தந்தது? திறந்த எழுத்தும் மறுக்கப்பட்ட கல்வியும் சேர்ந்தே இருந்த சமூகம் இது. ஆகவே திறந்த தரம் அவசியமானது, ஆனால் போதுமானதல்ல. கற்பிக்கும் கடமையையும் சேர்த்து எழுதாத கொள்கை புது அக்கிரகாரத்தைத்தான் கட்டும்.

மைய அரசு 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் கொள்கையையும் 2015இல் திறந்தமூல மென்பொருள் கொள்கையையும் வெளியிட்டது. பின்னதில் திறந்தமூலத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் எழுதிக்கொடுக்க இடமிருக்கிறது. காரணம் எழுத யாருக்குத்தான் தெரியாது? கேட்க வேண்டியதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையாகவே கேட்க வேண்டும். பொதுப்பணத்தில் உருவாகும் ஆவணம் திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவுக்கு வர வேண்டும். பள்ளியில் அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

கலை இலக்கிய இரவுகளுக்குப் பேர்போன ஊர் இது. விடிய விடிய மொழிக்காகப் பேசுகிறோம், தீர்மானம் போடுகிறோம். பெயர்ப்பலகைத் தீர்மானத்துக்குக் கீழே இந்த மூன்றையும் எழுதிச் சேர்க்க என்ன தடை என்று எழுத்தாள நண்பர்களைக் கேட்கிறேன்.