ஒரு தந்தை, இரு தாய்மார், மூன்று பாடல்கள்

ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரியிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிந்து செல்கிறது. பரமத்தி வேலூர் வட்டாரத்து வாழையும் வெற்றிலையும் கரும்பும் அந்நீரால் வளர்கின்றன. நீர் ஆறு தந்ததுதான். ஆயினும் வெற்றிலையின் காரத்தையும் கரும்பின் இனிப்பையும் ஆற்றில் தேடுவார் எவருமிலர். மண்ணையும் உழவரையும் அன்றோ நினைக்கிறோம்! கலைஞரின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவ்வுண்மையை மறந்து, "தந்தையின் இரத்தம்" என ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சிதார் மேதை ரவிசங்கரின் மகளிர் இருவரும் இதற்குச் சான்று. மூத்தவர் நோரா ஜோன்ஸ் 1979இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாய் அமெரிக்கரான சூ ஜோன்ஸ். இளையவர் அனுஷ்கா சங்கர் 1981இல் இலண்டனில் பிறந்தவர். தாய் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுகன்யா. நோரா டெக்சாஸ் மாநிலத்தில் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையோடு பல ஆண்டுகள் தொடர்பில்லை. ஆலயப் பாடகர் குழுவில் பாடினார், பியானோ பயின்றார், தாயின் இசைத்தட்டுகளில் ஜாஸ் இசையைக் கேட்டுத் தேர்ந்தார். அனுஷ்காவோ தந்தையையே குருவாகக் கொண்டு சிதார் கற்று, 1995இல், 13 வயதில், புது தில்லியில் அரங்கேறினார்.

2002இல் நோராவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடல் அவரே எழுதியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரே இரவில் அவர் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றார். அதே விழாவில் அனுஷ்காவின் கார்னகி அரங்கக் கச்சேரிப் பதிவும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. நோராவை "ரவிசங்கரின் மகள்" என்று நாம் உரிமை கொண்டாடினோம். ஆனால் அத்தொகுப்பில் கேட்பது தந்தையின் இராகங்கள் அல்ல. தாயின் வீட்டில் கேட்ட அமெரிக்க இசையே. தந்தையிடமே பயின்ற அனுஷ்காவும் 2005இல் தம் சொந்த ஆக்கங்களைக் கொண்ட "ரைஸ்" தொகுப்பின் வழியாகத்தான் தமக்கென ஒரு குரலைக் கண்டார்.

இவ்விருவரும் இணைந்த இடங்களுள் முதன்மையானது, 2013இல் வெளிவந்த அனுஷ்காவின் "டிரேசஸ் ஆஃப் யூ". நிதின் சாஹ்னி தயாரித்த இத்தொகுப்பில் மூன்று பாடல்களை நோரா பாடியுள்ளார். 2012 டிசம்பர் 11 அன்று தந்தை மறைந்த துயரம் இதில் நிறைந்திருக்கிறது. ஒரு பாடலின் தலைப்பு, கதிரவன் மறையான் என்று பொருள்படுவது. ரவி என்னும் பெயரே கதிரவனைக் குறிப்பதன்றோ! இப்பாடலில் நோரா இந்துஸ்தானி கமகங்களைப் போலி செய்யவில்லை. தமக்கு இயல்பான தாழ்ந்த குரலில் எளிமையாகப் பாடுகிறார். அனுஷ்காவும் சிதாரைக் கிதாராக்கவில்லை. அக்காள் ஓர் அடியைப் பாடி நிறுத்த, தங்கை தந்தியில் மறுமொழி சொல்கிறாள். இருவேறு இல்லங்களில் வளர்ந்த இருவர் ஒரே இழப்பின் முன் நிற்கும் நேர்மை அதில் இருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். தலைப்புப் பாடலில் மெருகு மிகுந்துவிட்டது. அங்கே சிதார் உரையாடும் துணையாக இல்லாமல், பாட்டைச் சுற்றிக் கட்டிய தோரணமாகவே தொங்குகிறது. இரு மரபுகளை அருகருகே வைப்பது எளிது. ஒன்றையொன்று செவிமடுக்கச் செய்வதே அரிது. முதற்பாடலில் கைகூடிய அந்த அருஞ்செயல் இங்கே நழுவிவிட்டது.

எனினும் இத்தொகுப்பு நமக்கொரு பாடத்தைத் தருகிறது. மொழி கடந்தும் சாதி கடந்தும் மணந்தோரின் பிள்ளைகள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். "நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?" என்று விளையாட்டாகவே அவர்களைக் கேட்கிறோம். அக்கேள்வி பிஞ்சு உள்ளத்தை எவ்வளவு அறுக்கும் என்பதை எண்ணுவதில்லை. இந்த இரு சகோதரியரும் எப்பக்கத்தையும் மறுக்கவில்லை. எதையும் வெறும் அணிகலனாகப் பூணவுமில்லை. தத்தம் தாயின் இல்லத்தில் பெற்றதைப் பல்லாண்டு உழைப்பால் தமதாக்கிக்கொண்ட பின்னரே ஒருவரையொருவர் அணுகினர். பிறப்பு தருவது நீர் மட்டுமே. பயிர் செய்ய வேண்டியவர் நாமே.