பழைய டிவியில் கருப்பு கருப்பாகவே தெரிய

2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 இன்ச் பெட்டிகள், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. சீரியல் பார்க்க அவற்றை இறக்குவார் இல்லை. ஆனால் 'கான்ட்ரா', 'சூப்பர் மரியோ' கேசட்டோ பழைய பிளேஸ்டேஷனோ வைத்திருப்பவர்கள், பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அதில் விளையாடிப் பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, "படம் இருட்டா இருக்கு." உடனே ரிமோட்டில் பிரைட்னஸைக் கூட்டுவார்கள். தவறு அங்கேதான். பிரைட்னஸ் ஏறினால் கருப்பும் சேர்ந்து வெளுத்துச் சாம்பலாகிவிடும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள சாயல்கள் எப்படிப் பிரிந்து தெரிகின்றன என்பதுதான் இங்கே கேள்வி. அதைத் தீர்மானிப்பது காமா.

பிக்சர் டியூபுக்குப் பாதி அளவு சிக்னல் கொடுத்தால் பாதி வெளிச்சம் வராது. காமா 2.2 என்றால் 22 சதவீதம், 2.4 என்றால் 19. பழைய பால் (PAL) ஒளிபரப்பு விதிமுறை கணக்கில் வைத்த 2.8 என்றால் வெறும் 14. 'மரியோ'வின் பளிச்சென்ற வானத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது. 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்'லின் இருண்ட தெருக்களில் ஆட்டமே இதை நம்பித்தான் இருக்கிறது.

டியூப் டிவியில் காமாவுக்கென்று தனிப் பட்டன் கிடையாது. அது எலக்ட்ரான் துப்பாக்கியின் பிறவிக் குணம். நம் கையில் இருப்பவை பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும்தான். பெட்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அறை விளக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அணைந்திருக்கும் டியூபே வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் தெரியும். அதைவிடக் கருப்பு அதில் வராது. பிறகு, கருப்புக்கு அடுத்த சாயல் மட்டும் மங்கலாகத் தெரியும்வரை பிரைட்னஸை இறக்கலாம். அடுத்தது கான்ட்ராஸ்ட்: வெள்ளைக் காட்சி வரும்போது படம் ஊதிப் பெரிதானால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஆர்டெமியோ உர்பினாவின் '240பி டெஸ்ட் சூட்' என்ற சோதனை நிரலில் இதற்கான கட்டங்களே உண்டு.

அப்படியும் கருப்பு வெளுத்து, குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் உள்ளே எல்ஓடியில் (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்) இருக்கும் 'ஸ்கிரீன்' திருகைத் தொட வேண்டியிருக்கும். அது மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்இடி டிவியில் எமுலேட்டர் வைத்து ஆடுகிறவர்களுக்கு வேலை சுலபம். ரெட்ரோஆர்ச் மென்பொருளில், படத்தை டியூப் திரை போலக் காட்டும் 'சிஆர்டி-ஜியாம்' ஷேடரில் டியூபின் காமா 2.4, திரையின் காமா 2.2 என இரண்டு எண்கள் தனித்தனியே இருக்கும். முதல் எண்ணைக் கூட்டினால் நிழல்கள் அடர்த்தியாகும். இருட்டறையில் 2.4 அருமை, பகலில் ஜன்னல் திறந்திருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. 1993இல் வந்த 'டூம்' இந்தச் சிக்கலை அப்போதே உணர்ந்திருந்தது: எஃப்11 விசையை அழுத்த அழுத்தக் காமா திருத்தம் படிப்படியாக ஏறி, நிழல்கள் வெளுக்கும்.

இருந்தாலும் இருட்டான ஆட்டங்களுக்குப் பரண் பெட்டிக்கே முதலிடம். அதன் கருப்புக்கு ஆழம் அதிகம். பட்டனை அழுத்தியதும் ஆள் குதிக்கிறான், தாமதமே இல்லை. 'டக் ஹன்ட்' துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது: அது எல்இடி திரையில் வேலை செய்யாது. டியூபிலும் கான்ட்ராஸ்டை மிகவும் குறைத்துவிட்டால் வாத்தின் வெள்ளைக் கட்டம் துப்பாக்கியின் கண்ணில் படாது. அதை ஆடும்போது மட்டும் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளலாம்.