கைக்கு அடக்கமான வோக்கி

நல்ல வோக்கி டோக்கியைக் கண்ணால் அல்ல, பெருவிரலால்தான் தெரிவுசெய்ய வேண்டும். பெட்டியில் அச்சிட்ட கிலோமீற்றர் கணக்கை விடுங்கள். மரமும் மதிலும் மறைக்காத வெளிக்குரிய கணக்கு அது. பக்கத்திலுள்ள பேச்சு விசையை ஈரக்கையால் அழுத்திப் பாருங்கள். இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. உள்ளே 'டிக்' என்று ஒரு சிறு அசைவு விரலுக்குத் தெரிய வேண்டும். மேலுள்ள குமிழ் திருப்பிய இடத்திலேயே நிற்க வேண்டும். பற்றரி பொருந்தும் சத்தம் கூட எனக்குப் பிடிக்கும்.

மாரியில் வெள்ளம் பாலத்தை மேவினால், மட்டக்களப்பின் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் பக்கம் போகத் தோணிதான். அந்தத் திறந்த நீர்வெளி குரலுக்கு நல்ல பாதை. "தோணி வெளிக்கிட்டிற்றா மச்சான்?" என்று கேட்டு விசையை விட்டதும் ஒரு 'சர்ர்', பிறகு பதில். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டே ஆக வேண்டும், குறுக்கே விழ முடியாது. இந்த ஒழுங்கு எத்தனை அழகு! கைப்பழக்கம் உள்ளவர் அன்ரெனாவை நிமிர்த்தி, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிப்பார். விசையை அழுத்தியதும் ஒரு கணம் பொறுப்பார், முதற்சொல் வெட்டுப்படாது. கடலுக்குப் போகிறவர் 16ஆம் அலைவரிசையை அவசர அழைப்புக்கென்று விட்டுவைப்பார். வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு கடையிலேயே இரண்டு செற்றையும் எடுத்து, வாசலுக்கு ஒருவரை அனுப்பிப் பேசிப் பாருங்கள்.