ஷாங் வெண்கலத்தை அம்பத்தூரிலிருந்து ரசிப்பது எப்படி?

சமச்சீர்ப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் எகிப்து, மெசபடோமியா, சீனா, சிந்துவெளி ஆகிய நான்கும் ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சீனாவுக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான். ஆர்வமுள்ள ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களுக்கு உயிர் கொடுக்க டிராகன் முகமூடி செய்ய வைக்கிறார்கள், காகித விளக்கு ஒட்ட வைக்கிறார்கள், சார்ட் பேப்பரில் பெருஞ்சுவர் வரையச் சொல்கிறார்கள். வகுப்பு கலகலப்பாகிறது, அது நல்லதுதான். ஆனால் முகமூடியை முடித்து வண்ணம் பூசிய மாணவி சீனர்களைப் பற்றிப் புதிதாக எதைத் தெரிந்துகொண்டாள் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஒரு பழைய நாகரிகத்தை ரசிப்பதற்கு நேர்வழி, அந்த மக்கள் ஒரு பொருளை எப்படிச் செய்தார்கள், செய்யும்போது எங்கே இடித்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதுதான். பண்டைய சீனாவை அப்படிப் பார்ப்பதற்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு வேறு பல ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வார்ப்படத் தொழில் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.

1949இல் டிஐ சைக்கிள்ஸ், 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் வாகன உதிரிபாக ஆலைகள் என்று வளர்ந்த வட்டாரம் இது. பெரிய ஆலைகளைச் சுற்றி பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் டை செய்யும் சிறு கூடங்களும் முளைத்தன. பேட்டர்ன், கோர், மோல்டு, பார்ட்டிங் லைன் என்ற சொற்கள் இங்கே பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் புழங்குபவை. இந்தச் சொற்களோடு ஒரு பிள்ளையைப் பண்டைய சீனாவின் ஷாங் அரசர்களின் வெண்கலக் கலத்தின் முன் நிறுத்தினால், கலை வரலாறு படித்தவர்கள் பாடுபட்டுக் கற்கும் ஒன்றை அவள் சட்டென்று கண்டுகொள்வாள்.

ஷாங் மரபின் கடைசித் தலைநகர் இன்றைய அன்யாங் நகரை ஒட்டி இருந்தது. அங்கே முறையான அகழாய்வு 1928இல் தொடங்கியது. 1939இல் அந்தப் பகுதிக் கிராமத்தார் மண்ணிலிருந்து கண்டெடுத்த நாற்கால் கொப்பரை ஒன்று இப்போது பெய்ஜிங்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 133 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 833 கிலோ. ஓர் அரசியின் நினைவாகச் செய்யப்பட்ட இதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது. இதுவரை கிடைத்துள்ள பழங்கால வெண்கலக் கலங்களில் இதைவிடக் கனமானது இல்லை. ஒருவர் தனியாக உலை மூட்டி உலோகம் உருக்கி இதை வார்த்திருக்க முடியாது. பல உலைகள், நிறைய ஆட்கள், ஒருவர் கை மற்றவர் கைக்காகக் காத்திருக்கும் ஒழுங்கு, அத்தனை பேருக்கும் சோறு போடும் அரசு எல்லாம் தேவைப்பட்டிருக்கும். எடையைச் சொன்ன கையோடு இந்தக் கணக்கையும் வகுப்பிலேயே போட வைக்கலாம். ஒரு மூசையில் இருபது கிலோ பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், உலோகம் ஆறுவதற்குள் எத்தனை மூசை ஊற்ற வேண்டும்? எத்தனை பேர் நிற்க வேண்டும்?

இனி செய்முறை. ஷாங் வார்ப்பாளர்கள் முதலில் கலத்தின் மாதிரியைக் களிமண்ணில் செய்தார்கள். அதன் மேல் வேறு களிமண்ணை அப்பி, சற்று இறுகியதும் துண்டு துண்டாக வெட்டிக் கழற்றினார்கள். பிறகு மாதிரியின் மேற்பரப்பைச் சீராகச் சுரண்டினார்கள். சுரண்டிய அளவுதான் கலத்தின் கனம். சுரண்டிய மாதிரியே உள்கருவாகிவிடும். அச்சுத் துண்டுகளைச் சுட்டு, கருவைச் சுற்றி மறுபடி பொருத்தி, இடைவெளி மாறாமல் இருக்கச் சிறு வெண்கலத் துண்டுகளை நடுவில் வைத்து, பெரும்பாலும் தலைகீழாக நிறுத்தி உலோகத்தை ஊற்றினார்கள். இடைவெளி காக்கும் அந்தத் துண்டுக்கு இன்றைய பவுண்டரியில் சாப்லெட் என்று பெயர், வேலையும் அதேதான். அச்சுத் துண்டுகள் சேருமிடத்தில் உலோகம் கசிந்து கோடு விழும், அதுதான் பார்ட்டிங் லைன். இன்றைய காஸ்டிங்கிலும் விழுகிறது, அதைத் தேய்த்து எடுக்கத் தனியாக ஆள் இருக்கிறார். ஷாங் வார்ப்பாளர்கள் அந்தக் கோட்டைத் தேய்த்ததோடு நிற்கவில்லை. கோடு விழும் இடத்திலேயே மேலெழும்பும் பட்டைகளை அமைத்தார்கள். இருபுறமும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் அமைந்த விலங்கு முகத்தை அச்சுப் பகுப்புக்கு ஏற்றபடி இடம் பார்த்து வைத்தார்கள். தொழிலின் குறை அலங்காரத்தின் இலக்கணமாக மாறியது. ஷாங் வெண்கலத்தின் அழகு எனக்கு இங்கேதான் இருக்கிறது. இதை அறியாமல் பார்த்தால் அது விநோதமான பச்சைக் கொப்பரையாகவே தெரியும்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க உருக்கிய உலோகம் வேண்டாம், உருக்கிய மெழுகும் வேண்டாம். பிள்ளையார் செய்யும் களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் போதும். முதல் வேலையாக, பையில் இருக்கும் பேனா மூடி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா ஆகியவற்றில் அச்சுக் கோட்டை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோட்டைக் கண்டுபிடித்துவிடும். பிறகு உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு கிண்ணத்தை உள்ளே குடையாமல் கெட்டியாகச் செய்து, ஓட்டுத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, எண்ணெய் தடவி, விரல் கனத்துக்குக் களிமண் சுற்றி, மூன்றாக வெட்டிக் கழற்றட்டும். அச்சின் உட்புறத்தில் குச்சியால் கோலம் கீறட்டும். மாதிரியை ஒரு பருப்பின் கனத்துக்குச் சுரண்டட்டும். இங்கேதான் பெரும்பாலான கிண்ணங்கள் தோற்கும். ஒரு பக்கம் குறைவாகச் சுரண்டினால் அந்தப் பக்கச் சுவர் ஓட்டையாக வரும். அச்சை மறுபடி பொருத்தி நூலால் கட்டி, மேலே விட்ட வாய் வழியாகக் கரைத்த பிளாஸ்டரை ஊற்றிவிட்டு அரைமணி நேரம் பொறுத்துப் பிரிக்க வேண்டும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும் என்பதால் அதற்குள் கையை வைக்கக் கூடாது. வெளிவந்த கிண்ணத்தில் மூன்று கோடுகள் நிற்கும். பிள்ளைகள் உடனே அவற்றைச் சுரண்டப் போவார்கள், தடுத்துவிடுங்கள். அடுத்த கிண்ணத்தில் இந்தக் கோட்டை எங்கே விழ வைப்பாய், அதைக் கோலத்தின் பகுதியாக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு ஷாங் கலத்தின் படத்தைக் காட்டினால், அவர்கள் படத்தில் முதலில் தேடுவது கோட்டைத்தான்.

ஒப்பிடுவதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஆவடி வழியாக அரக்கோணம் போகும் அதே ரயில் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. அந்த ஊரின் சோழர் கால நடராசர் இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இருக்கிறார். அவர் மெழுகு முறையில் வார்க்கப்பட்டவர். மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கும் முறை அது. சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அச்சு பகுக்கப்படாததால் இணைப்புக் கோடு இல்லை. கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீளலாம், சடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பறக்கலாம். துண்டு அச்சு அந்த விடுதலையைத் தராது. ஆனால் பரப்பின் நுணுக்கத்தையும் பெரும் அளவையும் பலர் பகிர்ந்து செய்யும் வேலைப்பிரிவையும் தரும். இரண்டில் எது உயர்ந்தது என்று வகுப்பில் வாக்கெடுப்பு வைப்பதில் பொருளில்லை. எந்த முறை எதை எளிதாக்கியது, எதைத் தடுத்தது என்பதே கேட்க வேண்டியது. சீனர்கள் மெழுகு முறையை அறியவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெங் நாட்டுப் பிரபு யியின் கல்லறையில் கிடைத்த, கொடிப்பின்னல் போன்ற ஒரு கலம் மெழுகால் வார்க்கப்பட்டதா இல்லையா என்று அறிஞர்கள் வாதிட்டபடி இருக்கிறார்கள்.

அச்சைப் பிடித்துக்கொண்டால் சீன வரலாற்றின் பிற்பகுதியும் கைக்கு வரும். 1953இல் ஹெபெய் மாகாணத்தின் சிங்லோங்கில் போரிடும் நாடுகள் காலத்து இரும்பு அச்சுகள் எண்பதுக்கும் மேல் கிடைத்தன. மண்வெட்டி, கோடரி போன்ற கருவிகளை மீண்டும் மீண்டும் வார்ப்பதற்கானவை. அம்பத்தூரில் டை என்று சொல்வது இதைத்தான். 1974இல் சியான் அருகே கிணறு வெட்டிய உழவர்கள் கண்ட சுடுமண் படையிலும் தலைகளை அச்சில் எடுத்து, முகத்தைக் கையால் திருத்தியிருக்கிறார்கள். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர் எழுத்தையும் எடையையும் வண்டிச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொன்னால், அச்சு செய்து பார்த்த பிள்ளைக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

பொருளோடு நின்றுவிடவும் வேண்டாம். 1976இல் அன்யாங்கில் திறக்கப்பட்ட ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் நானூறுக்கு மேற்பட்ட வெண்கலப் பொருட்கள் இருந்தன. குறி கேட்க எழுதிய எலும்புகளில் அவர் 13,000 பேர் கொண்ட படையுடன் போருக்குப் போன செய்தி இருக்கிறது. அதே அரசி பெண் குழந்தை பெற்றதை நல்லதல்ல என்று பதிந்த ஆமையோடும் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு ஆசிரியர் அமைதியாக இருந்தாலே போதும், வகுப்பு பேசும்.

இப்படிக் கற்பிப்பதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது நேரம். தேர்வுக்கு மஞ்சள் ஆறும் பெருஞ்சுவரும் கன்பூசியசும் போதாதா என்பார்கள். இரண்டு பாடவேளையில் முடிகிற வேலை இது. கையால் செய்தது மனப்பாடத்தைவிட நெடுநாள் நிற்கும். இரண்டாவது, நம் வரலாற்றையே பிள்ளைகள் அறியாதபோது சீனா எதற்கு என்பது. திருவாலங்காட்டு நடராசர் எப்படி வார்க்கப்பட்டார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க இந்த ஒப்பீடே வழி செய்கிறது. அதோடு 1077இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்குப் போனதும், சுவன்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் நம் வரலாறுதான். எல்லையில் மோதல் இருக்கும் நாட்டை ரசிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், மூவாயிரம் ஆண்டு முந்தைய கைவினைஞரின் திறமைக்கு இன்றைய அரசுகளின் சண்டையில் பங்கில்லை என்பதே.

மூன்றாவது மறுப்பு கனமானது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு வார்ப்படம் சொல்லித் தருவது, அவளை அப்பாவின் வேலைக்கே திருப்பி அனுப்புவதாகாதா? 1953இல் ராஜாஜி அரசின் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் கைவிடப்பட்ட மாநிலத்தில் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். அந்தத் திட்டம் பிள்ளையைப் பாதி நாள் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியது. இங்கே பட்டறையின் அறிவு வகுப்புக்குள் வருகிறது. வங்கி ஊழியரின் மகனும் மோல்டரின் மகளும் அதே களிமண்ணைச் சுரண்டுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மோல்டரின் மகள் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்பவளாக இருக்கிறாள். இதைத் தொழிற்பயிற்சியாக ஆக்கிவிடாமல் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அதற்கு முன் தொழிற்பேட்டையில் பவுண்டரி நடத்துபவர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவில் போகும் காஸ்டிங் ஒன்றை, பார்ட்டிங் லைனைத் தேய்க்காமல், பக்கத்துப் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். ஒரு பாடவேளை நின்று, அந்தக் கோடு எப்படி வந்தது என்று நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.